செடியின் மணமா, மலையின் மணமா

ஆடி, ஆவணியில் இலங்கையின் நமுனுகுல மலைச் சரிவுகளில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது பறிக்கும் கொழுந்தின் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. அந்த மணத்தில் முக்கிய பங்கு மெதைல் சாலிசிலேட்டுக்கு. வலித்தைலங்களில் மூக்கைத் துளைக்கிறதே, அதே பொருள்தான். இது செடியின் குணமா, மலையின் குணமா? அதே செடி மார்கழி மழையில் அந்த மணத்தைத் தருவதில்லை. ஆறு மாதத்தில் மரபணு மாறிவிடாது என்பதால் மலையே காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் காற்றுக்கு ஏற்றபடி மணத்தைச் சுரக்கும் ஆற்றலும் மரபில் வந்ததுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒன்றை அசையாமல் நிறுத்த வேண்டும். தேயிலை வரலாற்றில் அது வெகு தாமதமாகத்தான் கைகூடியது.

1869இல் இலங்கைக்கு வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் மலைகளில் நட்டது விதைத் தேயிலை. தேயிலைப்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வது அரிது. அதனால் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்துச் செடிகளும் மரபில் வேறு வேறு. ஒன்று நன்றாய்த் துளிர்த்தால் அது மண்ணாலா, பிறப்பாலா என்று எந்தத் துரையாலும் சொல்ல முடிந்திருக்காது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஒற்றை இலைத் துண்டுகளைத் தவறணையில் வேர்பிடிக்க வைக்கும் முறையை வளர்த்தது. 1946இல் கொப்புள நோய் வந்ததும் தாங்கும் வகைகளுக்கான தேவை கூடியது. 1950களின் இறுதியில் மறுநடுகைக்கு அரசு மானியம் வரவே, இப்படித் துண்டிலிருந்து வளர்த்த, தோட்டத்தார் ‘வீ.பி.’ என்று சொல்லும் தேயிலை பரவியது. அந்த நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற வகை தலவாக்கலையில் நின்றாலும் பசறையில் நின்றாலும் மரபில் ஒரே செடி. செடியை நிறுத்தி மலையை மாற்ற முடிந்தது அப்போதுதான்.

எலி ஆய்வுக்கூடங்கள் இதற்கு எதிர்த்திசையில் போயின. கூண்டும் தீனியும் ஒன்றாகவே இருக்க, மரபில் ஒரு துண்டை மட்டும் மாற்றின. பி6 என்ற இனத்தின் ஒரு குரோமோசோமை எடுத்துவிட்டு ஏ இனத்தின் குரோமோசோமை வைக்க, தலைமுறை தலைமுறையாகப் பி6 எலிகளோடு திருப்பிக் கலந்தார்கள். ஜோசப் நாடோ குழுவினர் 2004இல் விவரித்த தொகுதியில் இப்படி 22 இனங்கள்: 19 உடற்குரோமோசோம்கள், எக்ஸ், ஒய், மைட்டோகாண்ட்ரியா. பல குணங்களில் தனித்தனிக் குரோமோசோம்களின் விளைவுகளைக் கூட்டினால், இரு மூல இனங்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே அது பல மடங்கு தாண்டியது. அதாவது ஒரு துண்டின் வேலை, சுற்றியிருக்கும் மற்றத் துண்டுகளைப் பொறுத்தது.

தேயிலைக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னோடு தான் சேராத தேயிலையில் தூய இனம் உண்டாக்குவதே பெரும்பாடு. 15 சோடிக் குரோமோசோம்களில் ஒன்றை மட்டும் மாற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் எலியின் முடிவு, ‘மணத்துக்கான மரபணு’ ஒன்றைத் தேடும் ஆசையை இங்கும் அடக்குகிறது. வீ.பி. தேயிலை சொல்வதும் பாதிக்கதைதான்: முழுச் செடியை நகலெடுக்கலாம், அதன் எந்தத் துண்டு என்ன செய்கிறது என்று அறிய முடியாது. போதாக்குறைக்கு, பரவலாக நடப்பட்ட டி.ஆர்.ஐ. 2000 வரிசையில் பல வகைகள் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் வழி வந்தவை. ஒப்பிட வேண்டிய வேறுபாடு இன்னும் அடர்த்தியாக நிற்பது, விளைச்சல் குறைவென்று பிடுங்கப்படும் பழைய விதைத் தேயிலை மலைகளில்தான்.