கிழங்கு வேகவைத்த கப்பல் மணி

நான் படித்த பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டுதான். எந்த ரயில் பாதையில் இருந்து வந்தது, யார் கொண்டு வந்து கட்டினார்கள் என்று நாங்க யாரும் கேட்டதில்லை. நாலு மணிக்கு அடிச்சா போதும், அவ்வளவுதான் எங்க கவலை. :-)

அந்த ஞாபகம் வந்ததற்குக் காரணம் நியூசிலாந்தில் இருக்கும் ஒரு மணி. கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்துக்காரன், அதுவும் கடத்தூர்க்காரன், கப்பல் மணியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர்தான். பொறுத்துக்கோங்க.

வில்லியம் கொலென்சோ என்று ஒரு பாதிரியார். அச்சுத் தொழில் தெரிந்தவர். 1837ல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர் இவர்தான். 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடக்கே வாங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை, விளிம்பு உடைந்த ஒரு மணி. தலைகீழாக வைத்து அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேருக்கு அடியில் கிடைத்ததாகச் சொன்னார்களாம். கொலென்சோ ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார்.

மணியைச் சுற்றி ஏதோ எழுத்து. அங்கே யாருக்கும் புரியவில்லை. பிற்பாடு தமிழ் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னது இது: "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி". அதாவது முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி. இப்போது அது வெலிங்டனில் உள்ள டெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உடனே நம்மாளுங்க என்ன செய்வாங்க? "குக்குக்கு முன்னாடியே நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான் தமிழன்!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கும் முதலில் புல்லரித்தது உண்மை. ஆனா கொஞ்சம் யோசிங்க. மணி அங்கே இருந்தது என்பதற்குத்தான் சாட்சி இருக்கிறது. கப்பல் போனது என்பதற்கு இல்லை. டாஸ்மன் 1642லும் குக் 1769லும் வந்த பிறகு எத்தனையோ ஐரோப்பியக் கப்பல்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஆசியத் துறைமுகத்தில் வாங்கிய மணியாக இருக்கலாம். ஆளில்லாமல் மிதந்து வந்த கப்பலாகவும் இருக்கலாம். காலத்திலும் ஒத்த கருத்து இல்லை. ஐந்நூறு வருஷம் என்பவர்களும் உண்டு, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. தவிர, அந்தத் தீவுகளை நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துக் குடியேறியவர்கள் மாவோரிகள். அந்தப் பெருமையை நாம் பிடுங்கிக்கொள்வது நியாயமே இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் பெயர். முகைதீன். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் என்று நம் கரை நெடுக மரக்காயர்கள் சொந்தக் கப்பல் வைத்து மலாக்கா, அச்சே வரை வியாபாரம் செய்தவர்கள். ஒரு தமிழ் முஸ்லிம் தன் கப்பல் மணியில் பெயரைப் பொறிக்கத் தேர்ந்தெடுத்தது தமிழ் எழுத்தை. "தமிழன்" என்று மார்தட்டும்போது இந்தப் பெயரை மட்டும் மெதுவாக விட்டுவிடுகிறோம். மணி அதை விடவில்லை.

கிழங்கு வேகவைத்ததற்காக அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பியர் வரும்வரை உலோகமே புழங்காத ஊரில் அது புதையல். எங்க மாவட்டம் முழுக்க நடுகற்கள். ஊருக்காக மாடு மீட்டுச் செத்தவனின் கல் தர்மபுரி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே மாதிரிக் கல்லை வயலோரத்தில் துணி துவைக்கப் போட்டிருப்பவர்களும் நாம்தான். மாவோரிகளுக்கு அந்த எழுத்து தெரியாது. நமக்கு?

உங்க ஊர்லயும் இப்படி ஏதாவது கல்லோ மணியோ கிடந்தா, ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க.