தறிக்குழியும் உருகுகம்பியும்

காவிரிப் படுகையில் மின்சாரம் பரவிய வரலாறு பெரும்பாலும் அணைகளையும் கம்பங்களையும் பற்றியதாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும், 1937-ல் அங்கே இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமும், கும்பகோணத்தில் மின்வழங்கலை நடத்திய தனியார் நிறுவனமும் அந்த வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் மீட்டர் பலகையைத் தாண்டிய கம்பி நடையிலும் கூடத்திலும் எவ்வாறு ஓடியது, அது சூடேறி வீட்டை எரிக்காமலும் ஆளைத் தாக்காமலும் இருக்க எந்த விதிகள் வகுக்கப்பட்டன என்ற கேள்வி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரர்கள் வாழும் தாராசுரத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குழித்தறியில் நெய்பவர் தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மண்ணோடு தொடர்பு கொண்டபடியே, தலைக்கு மேல் தொங்கும் விளக்கின் ஒளியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்.

ஒயரிங் விதிகள் தொடக்கத்தில் மனிதரைக் காக்கப் பிறந்தவை அல்ல. 1882-ல் லண்டனில் மின்பொறியாளர் சங்கம் வெளியிட்ட முதல் விதித்தொகுப்பின் தலைப்பே, மின்விளக்குகளால் நேரும் தீ அபாயத்தைத் தடுப்பது பற்றியது. இந்தியாவில் 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் அதன்கீழ் வந்த 1956-ஆம் ஆண்டின் விதிகளும் இந்த மரபைத் தொடர்ந்தன. வீட்டிலுள்ள ஒவ்வொரு தனிச் சுற்றுக்கும் அளவுமீறிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஃபியூஸ் அல்லது பிரேக்கர் இருக்க வேண்டும் என்றும், அது செயல்படும்போது உருகிய உலோகம் சிதறி ஆபத்து விளையக் கூடாது என்றும் 50-ஆம் விதி கூறியது. சுற்று என்பது ஒரு ஃபியூஸிலிருந்து புறப்பட்டு சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் சென்று திரும்பும் கம்பித்தொடர். அதில் 10 முனைகளுக்கும் 800 வாட்டுக்கும் மேல் சேர்க்கலாகாது என்பது இந்தியத் தர நிறுவனத்தின் ஒயரிங் நெறிமுறை. சுவருக்குள்ளும் மரப்பட்டைக்குள்ளும் மறைந்திருக்கும் கம்பி எரிவதற்கு முன், கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்திலுள்ள மெல்லிய கம்பி முதலில் உருகிவிட வேண்டும் என்பதே இதன் உட்பொருள். வேண்டுமென்றே ஒரு பலவீனத்தை உண்டாக்கி, அதை உரிய இடத்தில் வைத்த ஏற்பாடு அது.

படுகையின் ஓட்டு வீடுகளில் இந்த ஏற்பாடு பல சோதனைகளுக்கு உள்ளாயிற்று. ரப்பர் உறையிட்ட கம்பிகள் முதலில் மூடியிட்ட மரப்பள்ளங்களுக்குள்ளும், பின்னர் தேக்கு ரீப்பர்மீது கிளிப்புகளால் இறுக்கப்பட்டும் ஓடின. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டிடுக்கில் கசிந்த நீர் மரத்தில் ஊறியது, கரையான் ஏறியது, நெல் நிறைந்த குதிர்களை நாடி வந்த எலிகள் கம்பியின் உறையையும் கடித்தன. ரப்பரும் காலப்போக்கில் காய்ந்து, தொட்டாலே உதிரும் நிலையை அடைந்தது. 1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் தாமிர இறக்குமதி சுருங்கியபோது அலுமினியக் கம்பி வீட்டுக்குள் வந்தது. அது திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இணைப்பைத் தளர்த்திக்கொள்வதோடு, காற்றுப் பட்டதும் மின்சாரத்தை எளிதில் கடத்தாத ஆக்சைடு படலத்தையும் போர்த்திக்கொள்வதால், இணைப்பு முனைகள் சூடேறிக் கருகின. இவ்வகைக் கோளாற்றில் மின்னோட்டம் அளவை மீறுவதில்லை என்பதால் ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது.

ஃபியூஸ் தெரிவித்த எச்சரிக்கையும் பல வீடுகளில் மதிக்கப்படவில்லை. உருகிய கம்பிக்குப் பதிலாக, கையில் கிடைத்த ஒயரிலிருந்து இரண்டு இழைகளை முறுக்கிக் கட்டையில் செருகும் பழக்கம் எங்கும் பரவியிருந்தது. அதன்பின் சுற்றிலேயே மிகப் பலவீனமான இடம், மறைந்து கிடக்கும் பழைய கம்பியாகிவிட்டது.

இன்னொரு பழைய வழக்கம் இதைவிட ஏமாற்றுவது. நேர்மின்னோட்டக் காலத்தின் எச்சமாக, பல மீட்டர் பலகைகளில் ஃபேஸுக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரண்டு ஃபியூஸ்கள் வைக்கப்பட்டன. மாறுமின்னோட்ட வழங்கலில் நியூட்ரல் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள ஃபியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் விளக்குக் கூடு வரையில் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். இருட்டில் விளக்கைக் கழற்றக் கை நீட்டுபவருக்கு அணைந்த விளக்கு பொய்ச் சாட்சியாக நிற்கிறது. நிலத்தோடு இணைந்த நியூட்ரலில் தனி ஃபியூஸோ தனி சுவிட்சோ இருக்கலாகாது என்று 1956-ஆம் ஆண்டின் 32-ஆம் விதி விலக்கியது இதனால்தான்.

நல்ல கம்பியும் சரியான ஃபியூஸும் அமைந்த பின்னரும் நெசவாளியின் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்கு அதற்கும் மேற்பட்ட மின்னோட்டம் தேவை. மனித இதயத்தை நிறுத்தவோ ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும். இந்த இடைவெளியை நிரப்ப வந்தது எர்த். கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்ட குழியில் குழாயையோ தகட்டையோ புதைத்து, கருவிகளின் உலோக உடலை அதனுடன் இணைத்துவிட்டால், கசியும் மின்சாரம் ஆளைத் தேடாமல் மண்ணைச் சேரும். காவிரியின் ஈர வண்டல் இதற்கு, பாறை நிலங்களைவிட மிக இணக்கமானது. ஆனால் அதே ஈரமண்தான் தறிக்குழியில் கால் வைத்தவரையும் மின்சாரத்துக்கு நல்ல பாதையாக்குகிறது என்பதால், படுகையில் எர்த் இல்லாத வீடு மற்ற இடங்களிலுள்ளதைவிடக் கொடியது.

போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவுடன் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் பின்னர் வந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கு அதன் வரம்பை 30 மில்லி ஆம்பியராக வகுத்தன. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. குளிர்சாதனம் பொருத்திய மாடி வீடு விதிக்குள் வர, இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் கொண்ட தறிவீடு வெளியே நின்றது. மண்ணில் கால் பதித்து உழைப்பவருக்கே இக்கருவி முதலில் உரியது என்பதால், இந்த விலக்கு செலவைக் கருதி அளிக்கப்பட்டிருந்தாலும் நியாயமானது அன்று.

பழைய வீடுகளுக்கு மறு ஒயரிங் செய்யும்போது இந்த அடுக்குகள் அனைத்தும் ஒரே நாளில் வெளிப்படுகின்றன. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் இன்றி அவ்வேலை நடக்கலாகாது என்பது 1956 முதல் விதி. முடிந்தபின் மெகர் கருவியால் கம்பியுறையின் காப்பை அளக்க வேண்டும். கேஜ் அளவு வழக்கொழிந்து சதுர மில்லிமீட்டர் வந்தபிறகும், ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்று இழைகளையும் கேஜையும் சேர்த்துச் சொல்லும் ஒயர்மேன்களின் பேச்சில் ரப்பர் கம்பிக் காலம் இன்னும் ஒலிக்கிறது. கூடத்து உத்தரத்திலிருந்து ரீப்பர் பெயர்க்கப்படும்போது அதன்பின் வெள்ளையடிக்கப்படாத ஒரு நீண்ட கோடு தெரியும். அக்கோடு மீட்டர் பலகையில் தொடங்கி, பெரும்பாலும் தறியின் தலைமாட்டில் முடிகிறது.