யாழ் செய்கலை

வளைந்த கோட்டில் நரம்புகளை வரிசையாகக் கட்டி, தோல் போர்த்த பத்தரால் ஒலி கூட்டும் பழந்தமிழ் இசைக்கருவியை அமைக்கும் கைவினை. வீணையிலும் கிதாரிலும் ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் நரம்புக்கு ஒரு சுரம். ஆகவே நரம்பின் நீளத்தையும் இறுக்கத்தையும் கணக்கிடுவதும் மரவேலையளவுக்கு இக்கலையின் பகுதியே.

பழைய யாழ் எதுவும் கைக்குக் கிடைக்காததால், உறுப்புகளைப் பற்றிய செய்தி பெரும்பாலும் பாட்டுகளிலிருந்தே வருகிறது. மிக விரிவானது பொருநராற்றுப்படை. மான்குளம்பு பதிந்த தடம்போல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், தீச்சுடர் நிறத்துத் தோல், பாம்பு தலைதூக்கியதுபோன்ற கோடு, வளையடுக்காய்த் தோன்றும் திவவு எனும் நரம்புக்கட்டு, உமி நீங்கிய தினைபோல் முறுக்குப் பிசிறற்ற நரம்பு என்று வரிசையாகச் சொல்லும் அப்பாட்டு, துளைகளை அடைத்த ஆணிகளையும் விடவில்லை: வளைக்குள் இருக்கும் நண்டின் கண்கள் அவை. பட்டறையில் நின்று பார்த்தவர் சொல் போலவே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் இடையனோ உட்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழை அங்கேயே செய்துகொள்கிறான்.

பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்பர். மகரயாழுக்கு 17 என்றும் 19 என்றும், சகோடயாழுக்கு 14 என்றும் 16 என்றும் கருத்து வேறுபடுகிறது. திருஞானசம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் வீணை யாழின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இக்கலையின் நவீன வரலாறு, இலங்கையின் மட்டக்களப்புத் தேசத்தவர் ஒருவரைச் சுற்றியே அமைகிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியல் பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். மட்டக்களப்பு வாவியில் நிலவிரவில் கேட்கும் ஒலியைப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848இலேயே கேட்டு எழுதிவைத்தார். ஊரார் அதை மீன் பாட்டு என்பர், ஒலியெழுப்பும் உயிரினம் எது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகப் பாடி விபுலாநந்தர், யாழை ஆராய்ந்து தாம் எழுதிய யாழ்நூலில் சேர்த்தார். அதே நூலின் யாழுறுப்பியல் பாட்டுச் சொற்களிலிருந்து கருவியின் வடிவை மீட்க முயல்கிறது. இசைநரம்பியலில் சுரங்கள் பின்னங்களாகின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் 24 சுருதி என வாதிட்டிருக்க, விபுலாநந்தர் 22ஐக் கொண்டார். வழக்கு ஓய்ந்ததாகச் சொல்ல முடியாது.

கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்ட யாழ்நூல் 1947 சூன் 5, 6 நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. விபுலாநந்தரின் கணக்குப்படி அமைத்த முளரியாழும் சுருதிவீணை, பாரிசாதவீணை, சதுர்தண்டிவீணை ஆகியவையும் ஊர்வலத்தில் வந்தன, க. பொ. சிவானந்தம் பிள்ளை இசைத்தார். நூலோடு கருவியும் அவையேறிய அரங்கேற்றங்கள் அரிது. அந்த யாழ் சங்ககால யாழை எவ்வளவு ஒத்தது என்பது வேறு கேள்வி. சூலை 19இல் சுவாமிகள் மறைந்தார். சமாதி மட்டக்களப்பு கல்லடியில் உள்ளது.

பர்மாவின் சவுங் என்னும் யாழ்வகை இன்றும் மான்தோல் போர்த்து, வளைந்த கழுத்தோடு செய்யப்படுகிறது. யாழ் செய்ய முனைவோர் அதையும் பார்ப்பது பயன் தரும். அண்மையில் சென்னையில் உரு என்னும் பட்டறையின் தருண் சேகர் யாழ்களை மீட்டுருவாக்கியுள்ளார்.