சிட்டிலிங்கி பழங்குடியினர் நலப்பணி

தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கே, கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் இங்கு 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஊரார் கட்டித் தந்த கூரைக் குடிசைதான் முதல் மருத்துவமனை.

அன்று ஆயிரம் குழந்தைகளுக்கு 147 பேர் முதலாண்டுக்குள் இறந்தனர். அந்நிலையை மாற்றியதில் பெரும்பங்கு உள்ளூர்ப் பெண்களுடையது. பள்ளத்தாக்கின் இளம்பெண்கள் செவிலியப் பயிற்சி பெற்றனர். ஊர்களே தேர்ந்தனுப்பிய மூத்த பெண்கள் கர்ப்பிணிகளைக் கவனித்தனர், பச்சிளங்குழந்தைகளை எடை பார்த்தனர். சிசு மரணம் பல மடங்கு குறைந்தது. வறுமை தணியாமல் நோய் தணியாது என்பதால் இயற்கை வேளாண்மையும், 'போர்கை' என்னும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலும் பின்னர் சேர்ந்தன.