ஜப்பானி லோதாவும் திருதராட்டிரப் பச்சையும்

அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கொடியை ‘ஜப்பானி லோதா’ என்று அழைக்கிறார்கள். லோதா என்பது நம் ‘லதை’தான். தாவரவியலில் அதன் பெயர் மிக்கானியா மைக்ராந்தா. தாயகம் ஜப்பான் அன்று. மத்திய, தென் அமெரிக்க நாடுகள்.

பிறகு ஜப்பான் எப்படிப் பெயருக்குள் நுழைந்தது? 1942-இல் பர்மா வீழ்ந்ததும் அஸ்ஸாம் போர்முனையின் விளிம்பாயிற்று. சாபுவா, டின்ஜான், ஜோர்ஹாட் ஆகிய இடங்களில் நேச நாடுகளின் விமானத் தளங்கள் எழுந்தன. அங்கிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு பறந்தது. தேயிலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலை போட அனுப்பப்பட்டார்கள். அத்தளங்களை எதிரி விமானங்களின் பார்வையிலிருந்து மறைக்கவே, விரைந்து படரும் இக்கொடியை வளர்த்தார்கள் என்பது ஒரு வரலாறு. தேயிலைத் தோட்டங்களில் மண்மூடியாகக் கொண்டுவரப்பட்டது என்பது மற்றொன்று. ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையும் மாறி மாறிச் சொல்கின்றன. எதை ஏற்றாலும் கொடியைக் கொண்டுவந்தவர் ஜப்பானியர் அல்லர். முதற்கதையின்படி, ஜப்பானை எதிர்த்துப் போரிட்டவர்களே அதை நட்டார்கள்!

களைக்குப் பகைவனின் பெயரைச் சூட்டும் வழக்கம் அஸ்ஸாமுக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தின் நீர்வழிகளை ஆகாயத்தாமரை அடைத்தபோது மக்கள் அதை ‘ஜெர்மன் பானா’ என்றார்கள். அது முதல் உலகப் போர்க்காலம். 1921-இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் குழு அமைத்து, 1936-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்த அளவுக்கு அது பெருந்தொல்லை. தில்லியின் ‘விலாயதி கீக்கர்’ நம் சீமைக் கருவேலம்தான். ஆயினும் இங்கே நுண்ணிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘சீமை’யும் ‘விலாயதி’யும் கடல் கடந்து வந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. ‘ஜப்பானி’யும் ‘ஜெர்மனு’ம் குற்றவாளியைச் சுட்டுகின்றன, அதுவும் தவறான குற்றவாளியை.

கேரளத்தில் இதே மிக்கானியாவுக்குத் ‘திருதராட்டிரப் பச்சை’ என்ற பெயருண்டு. போர் முடிந்தபின் வீமனென்று எண்ணி இரும்புப் பதுமையைத் தழுவி நொறுக்கிய கண்ணில்லா அரசனை நாம் அறிவோம். யார் வைத்த பெயரோ, அபாரமான கணிப்பு. இக்கொடி ஒட்டுண்ணி அன்று. செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அதன்மேல் ஏறி, மூடி, வெளிச்சத்தை மறைத்து, தழுவியே கொல்கிறது. அஸ்ஸாமின் பெயர் யார்மீது பழி என்று சொல்கிறது. கேரளத்தின் பெயர் கொடி என்ன செய்கிறது என்று சொல்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தை நடத்துகிறவருக்கு இரண்டாவதே பயன்படும்.

ஏனெனில் இக்கொடியின் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். அரிவாளால் வெட்டி ஈரமண்ணில் போட்ட துண்டு சில நாட்களில் தனிக்கொடியாகும். வெட்டுவது கட்டுப்பாடன்று, பதியம் போடுவது. வேரோடு பிடுங்கி, வெளியே கொண்டுபோய் உலர்த்த வேண்டும். அதையும் மழை ஓய்ந்து பூக்கத் தொடங்குமுன் முடித்தாக வேண்டும். பூத்துவிட்டால் காற்றில் மிதக்கும் நுண்விதைகளைத் தடுக்க வழியில்லை. அடர்நிழல் கொடிக்கு ஆகாது. ஆகவே செடிகள் தழைத்து இடைவெளி மூடிய தேயிலைப் பகுதிகளைவிட, இளங்கன்று நட்ட இடங்களும் கவாத்து செய்த இடங்களுமே முதலில் வீழ்கின்றன.

களைக்கொல்லியால் முடியாதா? வரிசைகளுக்கிடையே தரையில் படர்ந்ததை கிளைஃபோசேட் கொல்லும். செடிமேல் பின்னி ஏறியதன்மீது தெளித்தால் தேயிலையும் கருகும். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அம்மருந்தின் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்முறையாளர்களோடு வரையறுத்தது. உயிரியல் வழியும் முயலப்பட்டது. டிரினிடாடில் மிக்கானியாவைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சை ஒன்றை வரவழைத்துச் சோதித்து, 2005-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அடுத்த ஆண்டு கேரளத்திலும் விட்டார்கள். பப்புவா நியூ கினியிலும் தைவானிலும் பின்னர் நிலைபெற்ற அதே பூஞ்சை, இங்கே நிலைக்கவில்லை.

எனவே எஞ்சுவது கைவேலை. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ‘ஹாஜிரா’ என்றும், அந்நாளில் முடிக்க வேண்டிய அளவுக்கு ‘நிரிக்’ என்றும் பெயர். களையெடுப்பின் நிரிக்கைப் பரப்பளவால் குறித்தால், குனிந்து கணுக்கணுவாகப் பிடுங்குகிற பெண் மாலைக்குள் அளவை எட்ட மாட்டாள். அரிவாள் வீசுகிறவள் எட்டிவிடுவாள். கூலிக் கணக்கே கொடியைப் பெருக்கும் என்பது என் வாசிப்பு. களை மேலாண்மைக் கையேடுகள் மருந்தின் அளவை மில்லிலிட்டர் வரை சொல்கின்றன. நிரிக் பற்றிப் பேசுபவை அரிது.

இனி, வேலி. தோட்டத்துக்குள் எவ்வளவு பிடுங்கினாலும், தண்டவாளக் கரையும் கைவிட்ட நிலமும் வடிகால் ஓரமும் எந்த மேலாளரின் கணக்கிலும் வருவதில்லை. அங்கெல்லாம் கொடி தடையின்றிப் பூக்கிறது. இந்த ஆண்டு சுத்தம் செய்த வரிசைக்கு அடுத்த ஆண்டின் விதை அங்கிருந்தே பறந்து வருகிறது.