சட்டக ஆணித் துப்பாக்கியும் அதற்கேற்ற ஆணிகளும்

சட்டக ஆணித் துப்பாக்கி: மரக்கட்டைகளைச் சட்டகமாகக் கோத்து வீடு கட்டும் நாடுகளில், சுவர், தளம், கூரை ஆகியவற்றின் கட்டைகளை ஒன்றோடொன்று ஆணியடித்துப் பிணைக்கும் கைக்கருவி. ஃபிரேமிங் நெய்லர் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும். அழுத்தக் காற்று, எரிவாயு, பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்றால் இயங்கும். பொதுவாக 50 முதல் 90 மி.மீ. வரை நீளமுள்ள ஆணிகளை ஒரே அடியில் மரத்துக்குள் இறக்கிவிடும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் தச்சர் கையில் அன்றாடம் புழங்குவது இது. செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டும் தமிழ்நாட்டில் சென்ட்ரிங் பலகைக்கு இன்றும் பெரும்பாலும் சுத்தியல்தான். டொராண்டோவிலும் மெல்போர்னிலும் வீடு வாங்கிய தமிழர்கள் குடியிருப்பதோ பெரும்பாலும் இக்கருவியால் அடித்த சுவர்களுக்குள்.

இதை வாங்குவோர் பெரும்பாலும் எடை, விலை, தயாரிப்பாளர் பெயர் என்று துப்பாக்கியையே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணியைக் கடைசியில் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடவேண்டும். வீட்டைத் தாங்குவது ஆணி. எந்த ஆணி வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. அந்த ஆணி எந்தச் சரத்தில் (துப்பாக்கியில் ஏற்றுவதற்காகக் கோத்த ஆணி வரிசையில்) கிடைக்கிறதோ, அந்தச் சரம் ஏறும் துப்பாக்கியே ஏற்ற துப்பாக்கி.

ஆணியின் முன்வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை ஆணி கொல்லன் கைவேலையாகவே இருந்தது. இரும்புக் கோலை உலையில் காய்ச்சி, நாற்புறமும் தட்டிக் கூராக்கி, துண்டித்து, துளைக்கட்டையில் நிறுத்தி மேல் நுனியை அடித்துக் கொண்டை எடுப்பார்கள். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் தம் மான்டிசெல்லோ பண்ணையில் 1794இல் ஓர் ஆணிப் பட்டறை தொடங்கினார். அதில் உழைத்தவர்கள் 10 முதல் 16 வயது வரையுள்ள அடிமைச் சிறுவர்கள். அமெரிக்க ஆணியின் வரலாற்றை எழுதும்போது அந்தச் சிறுவர்களின் உழைப்பைச் சொல்லாமல் விடக்கூடாது.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ் 1795இல் ஆணி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புத் தகட்டிலிருந்து சரிவாக வெட்டியெடுத்த இந்த வெட்டாணிகள் சதுரத் தண்டும் மழுங்கிய நுனியும் கொண்டவை. இயந்திரங்கள் பெருகப் பெருக ஆணி மலிவானது. மலிவான ஆணி கட்டடக் கலையையே மாற்றியது. அதற்குமுன் பருத்த உத்திரங்களில் துளையும் கழுந்தும் செதுக்கிப் பொருத்தத் தேர்ந்த தச்சர்கள் தேவைப்பட்டனர். ஆலையில் அறுத்த மெல்லிய கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி ஆணியால் மட்டுமே பிணைக்கும் முறை 1830களில் சிகாகோவில் பரவியது. ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்னோ 1832இல் எழுப்பிய கிடங்கு இம்முறையின் முதல் கட்டடமாகக் கொள்ளப்படுகிறது. இன்றைய மரச்சட்டக வீடு இதன் வழிவந்ததே.

அடுத்த திருப்பம் கம்பி ஆணி. உருண்டைக் கம்பியைத் துண்டித்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையை நசுக்கிக் கொண்டையாக்குவது எளிது. 1886இல் அமெரிக்க ஆணிகளில் சுமார் பத்தில் ஒரு பங்கே கம்பி ஆணி. 1892க்குள் அது வெட்டாணியை முந்தியது; 1913க்குள் பத்தில் ஒன்பது பங்கானது. துப்பாக்கி ஆணிகள் எல்லாமே கம்பி ஆணி வகைதான். ஒரே அளவில், ஒரே உருண்டையில், லட்சக்கணக்கில் வார்த்தாற்போல் வரும் ஆணி இல்லையென்றால், அதைச் சரமாகக் கோக்கவும் முடியாது, இயந்திரத்தில் ஏற்றவும் முடியாது.

இங்கிலாந்திலிருந்து வந்த ‘பென்னி’ அளவு அமெரிக்காவில் இன்னும் வழங்குகிறது. 8 பென்னி ஆணி இரண்டரை அங்குலம், 10 பென்னி மூன்று அங்குலம், 16 பென்னி மூன்றரை அங்குலம். பென்னி எண் நீளத்தை மட்டுமே உறுதியாகச் சொல்லும். ‘காமன்’ வகை 16 பென்னி ஆணியின் விட்டம் 0.162 அங்குலம்; ‘பாக்ஸ்’ வகை 16 பென்னி ஆணிக்கு 0.135 அங்குலம்தான். பெயர் ஒன்று, தாங்கும் பலம் வேறு. ஆகவே ஆணிப் பெட்டியில் பென்னி எண்ணைப் பார்த்து வாங்காமல், நீளத்தையும் விட்டத்தையும் படித்து வாங்க வேண்டும்.

துப்பாக்கி வந்த கதை

ஆணித் துப்பாக்கியின் தோற்றம் ஒரு விமானத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஹாவர்ட் ஹியூஸின் எச்-4 ஹெர்குலிஸ் என்ற பிரம்மாண்ட மர விமானத்தின் உடற்பகுதியைப் பசை காயும் வரை பிடித்து வைக்க ஆணிகள் தேவைப்பட்டன; காய்ந்தபின் அவை பிடுங்கப்பட்டன. அந்த வேலைக்காகக் கட்டுமானப் பொறியாளர் மாரிஸ் பைனூஸ் உருவாக்கியதே இக்கருவி என்பர். அந்த விமானம் 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை பறந்தது. வீட்டுத் தளப் பலகைகளை அடிப்பதற்கான காற்று ஆணித் துப்பாக்கி 1950இல் சந்தைக்கு வந்தது. நின்றபடியே நிமிடத்துக்கு 40 முதல் 60 ஆணி அடிக்க முடிந்தது. 1986இல் பாஸ்லோட் நிறுவனம் எரிவாயுக் குப்பியால் இயங்கும் இம்பல்ஸ் கருவியை வெளியிட்டதும், கம்ப்ரஸரும் ஹோஸும் இல்லாமல் ஏணியில் ஏறிக் கூரை அடிப்பது சாத்தியமாயிற்று.

இயங்கும் முறை எளிது. விசையை அழுத்தினால் மேல் வால்வு திறந்து, கருவியில் தேங்கிய காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டனோடு இணைந்த எஃகு அலகு சரத்தின் முதல் ஆணியை மட்டும் பிரித்து மரத்தில் இறக்கும். விசையை விட்டதும் பிஸ்டன் மேலேற, அடுத்த ஆணி கருவியின் மூக்குக்கு வந்து நிற்கும். பெரும்பாலான கருவிகளுக்கு 70 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் போதும். காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் முதலிய சிலிண்டர் வாயுவை இணைப்பது கருவியையே வெடிக்கவைக்கும், ஒருபோதும் கூடாது.

சரமும் சாய்வும்

துப்பாக்கிக்கும் ஆணிக்கும் உள்ள பொருத்தம் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆணிகளைச் சரமாகக் கோக்கும் பொருளும், அந்தச் சரம் சாய்ந்திருக்கும் கோணமும் சேர்ந்து நான்கு குடும்பங்களைத் தருகின்றன. சாய்வு வைத்ததற்குக் காரணம் இடநெருக்கடி. சுவர்க் கட்டைகள் 16 அங்குல இடைவெளியில் நிற்கும். கட்டையின் பருமன் போக நடுவே எஞ்சுவது பதினான்கரை அங்குலம். அதற்குள் கருவியை நுழைத்து, மூலையில் ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும். கருவியில் சரத்தைத் தாங்கும் பெட்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு எளிதில் கருவி இடுக்கில் நுழையும்.

21 டிகிரிச் சரம் பிளாஸ்டிக்கால் கோத்தது. ஆணிகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் முழு வட்டக் கொண்டைக்கு இடம் உண்டு. 20 முதல் 22 டிகிரி வரை குறித்த சரங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அடிக்கும்போது பிளாஸ்டிக் துணுக்குகள் சிதறும். கண்ணாடி அணியாமல் இதைத் தொடக்கூடாது. ஈரம் பட்டாலும் சரம் கெடாது.

30 முதல் 34 டிகிரி வரையுள்ள சரம் காகிதப் பட்டையால் ஒட்டியது. ஆணிகள் தண்டோடு தண்டு ஒட்டி நிற்பதால், ஒரே நீளப் பெட்டியில் அதிக ஆணிகள் அடங்கும். அப்படி நெருக்க வேண்டியே கொண்டையின் ஒரு பக்கத்தை வெட்டி, பிறை போலாக்கினார்கள். பிறகு, கொண்டையை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளி வைத்த முழுவட்ட ஆணிகளும் இதே சரத்தில் வந்தன. காகிதம் குப்பை போடாது. ஆனால் மழையில் நனைந்தால் காகிதம் உப்பி, சரம் கருவிக்குள் சிக்கும்.

28 டிகிரிச் சரத்தில் ஆணிகளை மெல்லிய கம்பியோடு பற்றவைத்துக் கோத்திருப்பார்கள். இதற்கான துப்பாக்கிகள் குறைவு. 15 டிகிரி வகை சுருள். 200 முதல் 300 ஆணி வரை ஒரே சுருளில் அடங்குவதால் கூரைப் பலகையும் தளமும் மடமடவென்று முடியும், கருவியோ கனக்கும்.

ஒரு குடும்பத்தின் சரத்தை இன்னொரு குடும்பத்தின் துப்பாக்கியில் ஏற்றக்கூடாது. உள்ளே நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று பொருளல்ல. அலகு கொண்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டு ஆணி வளையும், அல்லது இரண்டு ஆணிகள் ஒன்றாக மூக்கில் அடைத்துக்கொள்ளும். கோணம் ஒன்றாயிருந்தாலும் கருவியின் கையேட்டில் உள்ள நீள, விட்ட வரம்பைப் பார்த்தே ஆணி வாங்க வேண்டும்.

வெட்டுக் கொண்டையா, முழுக் கொண்டையா என்பதில் முழுக் கொண்டையே சரி. வெட்டுக் கொண்டையை ஏற்கும் மதிப்பீட்டு அறிக்கைகள் உண்டு. கட்டையோடு கட்டையைப் பிணைக்கையில் பெரிய வேறுபாடும் இல்லை. ஆனால் புயலும் நிலநடுக்கமும் வரும் பகுதிகளில் பிளைவுட்டைப் பிடித்து நிறுத்துவது கொண்டையின் பரப்புதான். அங்குள்ள பல உள்ளூர் நிர்வாகங்கள் முழுக் கொண்டையைக் கேட்பது அதனாலேயே.

விட்டம், பூச்சு, ஆழம்

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, நிற்கும் கட்டையையும் அதன் மேல், கீழ்ப் படுகட்டையையும் நேராக ஆணியடிக்கையில் 0.162 அங்குல விட்டமுள்ள மூன்றரை அங்குல ஆணி என்றால் இரண்டு போதும் என்கிறது, 0.131 அங்குல விட்டமுள்ள மூன்று அங்குல ஆணி என்றால் மூன்று வேண்டும். துப்பாக்கிகளில் அதிகம் ஓடுவது இந்த இரண்டாவது வகை. மெல்லிய ஆணியைத் துப்பாக்கியில் ஏற்றிவிட்டு, எண்ணிக்கையில் பழைய சுத்தியல் கணக்கையே வைத்துக்கொள்ளும் தச்சர்கள் வீட்டைப் பலவீனமாக்குகிறார்கள்.

எந்த ஆணி அடித்தது என்ற இந்தக் குழப்பத்தை ஜப்பான் அழகாகத் தீர்த்துக்கொண்டது. அமெரிக்கச் சட்டக முறைக்கு 1974இல் அங்கு பொது அனுமதி கிடைத்தது. அதற்கான சி.என். ஆணிகளுக்கு நீளத்துக்கொரு நிறம் உண்டு: சி.என்.50 பச்சை, சி.என்.65 மஞ்சள், சி.என்.75 நீலம், சி.என்.90 சிவப்பு. ஆணி உள்ளே இறங்கியபின்னும் கொண்டையின் நிறத்தைப் பார்த்தே எந்த ஆணி அடித்தது என்று ஆய்வாளர் சொல்லிவிடலாம். சி.என்.90இன் நீளம் 88.9 மி.மீ., விட்டம் 4.11 மி.மீ.; அமெரிக்காவின் 16 பென்னி ‘காமன்’ ஆணியேதான்.

பூச்சைப் பொறுத்தவரை, சுவருக்குள் மூடப்படும் உலர்ந்த மரத்துக்குச் சாதாரண ஆணி போதும். பூச்சி, அழுகல் தடுக்க மருந்தேற்றிய மரத்துக்கு அது ஆகாது. ஆர்சனிக் கலந்த பழைய மருந்து 2003 இறுதியோடு அமெரிக்க வீட்டு உபயோக மரத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்தவற்றில் செம்பு அதிகம். அது வெற்று இரும்பை வேகமாக அரிக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியோதான் அங்கு அடிக்க வேண்டும். மின்முலாம் பூசிய பளபளப்பான ஆணியின் துத்தநாகப் படலம் மிக மெல்லியது, பார்வைக்கு ஏமாற்றும்.

ஆழம் இன்னொரு தொல்லை. சுத்தியல் அடிப்பவன் கைக்கு மரம் தெரியும். துப்பாக்கி பிடித்தவனுக்குத் தெரியாது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கியபின், கூரைப் பலகை பறந்த வீடுகள் பலவற்றில் ஆணிகள் உத்திரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் இறங்கியிருந்தது தெரியவந்தது. 1994இல் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின், பிளைவுட்டின் மேலேட்டைக் கிழித்துக்கொண்டு மிக ஆழமாகப் போன ஆணிகளும் சுவர்கள் தளரக் காரணமாயின. கொண்டை பலகையின் மட்டத்தில் நிற்க வேண்டும். மூக்கருகே ஆழம் திருத்தும் சக்கரம் உள்ள கருவியை வாங்கி, அதே மரத்தின் துண்டில் அடித்துப் பார்த்து, அழுத்தத்தைச் சரிசெய்த பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். உத்திரங்களைத் தாங்கும் உலோகக் கொக்கிகளுக்கு, துளையைத் தேடி நுனி நிற்கும் தனிவகைத் துப்பாக்கி இருக்கிறது. சாதாரணத் துப்பாக்கியால் துளையைக் குறிபார்த்து அடிப்பது ஆபத்து.

விசை முறையும் விபத்தும்

2001 முதல் 2005 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு ஆணித் துப்பாக்கிக் காயங்களோடு ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் வந்தனர். அவர்களில் ஐந்தில் இருவர் வீட்டு வேலைக்கு இதை எடுத்த சாதாரண மக்கள். விசை முறைகளில் முக்கியமானவை இரண்டு. மூக்கை மரத்தில் அழுத்தி, பிறகு விசையை இழுத்தால் ஓர் ஆணி. அடுத்த ஆணிக்கு விசையை விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இது வரிசை முறை. விசையை இழுத்துப் பிடித்தபடியே மூக்கைத் தட்டத் தட்ட ஆணி பாய்வது தட்டு முறை. ஆணி அடித்ததும் கருவி எம்பி மீண்டும் விழும்போது, தட்டு முறையில் இரண்டாவது ஆணி தானே பாயக்கூடும். கட்டையைப் பிடித்திருக்கும் இடதுகை பக்கத்திலேயே இருக்கும். தட்டு முறையில் காயமடையும் வாய்ப்பு வரிசை முறையைப் போல் சுமார் இரு மடங்கு என்று தொழிற்பயிலுநர்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டின. 2011இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி வரிசை முறையையே பரிந்துரைக்கிறது. வேகம் குறையும் என்ற முறையீடு ஒரு விரலுக்கு ஈடாகாது.

இன்றைய நிலை

பேட்டரியால் மட்டும் இயங்கும் கருவிகள் பெருகிவருகின்றன. காற்றுக் கருவி சுமார் மூன்றரை கிலோ என்றால் இவை நான்கு முதல் ஐந்து கிலோ. எரிவாயுக் கருவிகள் கடுங்குளிரில் சோர்கின்றன. தொடர்ந்து வீடு கட்டுவோருக்குக் காற்றே மலிவு.

ஒரே ஒரு கருவி வாங்குவோர் 21 டிகிரிச் சரம், முழுக் கொண்டை, வரிசை முறை விசை, ஆழம் திருத்தும் சக்கரம் ஆகிய நான்கும் உள்ளதை வாங்குக. அதற்குமுன் அந்தச் சரத்தில் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்க.