பட்டும் புற ஊதாக் கதிரும்

பட்டாடையை வெயிலில் உலர்த்தலாகாது என்பது தமிழர் இல்லங்களின் பழைய வழக்கம். பட்டுப்புடவைக் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலையில் இன்றும் இவ்வறிவுரை பொருந்தும். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் புற ஊதாக் கதிர் வலிமை மிக்கது. வழக்கத்தின் காரணத்தை அறிவியல் படிப்படியாகவே கண்டது.

1801இல் செருமானிய அறிஞர் ரிட்டர், ஊதா நிறத்திற்கு அப்பால் வெள்ளிக் குளோரைடு விரைந்து கருப்பதைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத கதிரை உணர்ந்தார். 1846இல் லீபிக் பால் புரதத்திலிருந்து டைரோசினைப் பிரித்தார். 1901இல் ஹாப்கின்சும் கோலும் டிரிப்டோபனைப் பிரித்தனர். இவ்விரண்டும் வளைய அமைப்புடைய அமினோ அமிலங்கள்.

பட்டிழை, அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் கோத்த புரதச் சங்கிலி. அதில் டைரோசின் கணிசமாகவும் டிரிப்டோபன் சிறிதளவும் உண்டு. இவை 280 நானோமீட்டரை ஒட்டிய கதிரை மிகுதியாக ஏற்கும். நிலத்தை எட்டும் வெயில் அவ்வெல்லையின் ஓரத்தைத் தொடுகிறது. கதிரை ஏற்ற டிரிப்டோபன் ஆக்சிசனுடன் வினைபுரிந்து கைனுரெனின் போன்ற மஞ்சள் பொருள்களாகிறது, டைரோசின்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன, சங்கிலிகளும் அறுகின்றன. வெண்பட்டு பழுப்பேறுவதும் இழை நைவதும் இதனாலேயே.

எனவேதான் அருங்காட்சியகங்கள் பழந்துணிகளை, புற ஊதாக் கதிரை வடிகட்டி, 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியில் வைக்கின்றன. கடல் கடந்து வந்த குடும்பத்திற்கு மூதாட்டியின் கூறைப்புடவை ஓர் ஆவணம். எழுதப்படாத வரலாற்றின் ஏடு. ஒளியால் அறுந்த சங்கிலியை மீண்டும் கோக்க இயலாது, காக்கவே இயலும். முன்னோர் சொன்ன நிழல், அந்த ஏட்டின் உறை.